வாஷிங்டன் உயில்ல விடுதலை ஆகாத 153 பேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவோட முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் தன் அடிமைகளை உயில் எழுதி விடுதலை பண்ணிட்டாருன்னு பேச்சு வரும்போதெல்லாம், "பாதிக்கும் கம்மியான பேரைத்தான்"னு நான் சொல்லிடுவேன், உடனே மீதிப் பேர் என்ன ஆனாங்க, ஏன் விடல, யாரு சொத்து அவங்கன்னு கேள்வி மேல கேள்வியா வரும். ஒவ்வொரு தடவையும் முதல்லருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு, அதனால வந்த கேள்விகளையும் என் பதிலையும் இங்க ஒண்ணா எழுதி வைக்கிறேன்.

வாஷிங்டன் கிட்ட மொத்தம் எத்தனை அடிமைகள் இருந்தாங்க?

1799-ல, அவரு சாகறதுக்குச் சில மாசம் முன்னாடி, வர்ஜீனியாவுல இருக்கற மவுன்ட் வெர்னன் எஸ்டேட்ல 317 பேர். அதுல 123 பேர்தான் அவருக்குச் சொந்தம். 153 பேர் அவரு மனைவி மார்த்தாவோட முதல் புருஷன் குடும்பத்துச் சொத்து. மீதி 41 பேர் வெளி ஆளுங்க கிட்டருந்து வாடகைக்கு எடுத்தவங்க. மனுஷங்களை வாடகைக்கு எடுக்கறதான்னு கேப்பீங்க, ஆமா, மாடு, கலப்பை மாதிரி வருஷக் கணக்குல பேசி எடுப்பாங்க.

முதல் புருஷன் சொத்து எப்படி வாஷிங்டன் வீட்டுக்கு வந்துச்சு?

இங்கதான் கதையே இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க. மார்த்தாவோட முதல் புருஷன் பேரு டேனியல் பார்க் கஸ்டிஸ், பமன்கி ஆத்தங்கரையில ஒயிட் ஹவுஸ்னு ஒரு புகையிலைத் தோட்டம் (ஜனாதிபதி மாளிகை இல்ல, இது வேற), அது போக வர்ஜீனியாவுல பல இடத்துல நிலம், கிட்டத்தட்ட 300 அடிமைகள். 1757 ஜூலையில திடீர்னு செத்துட்டாரு, உயில் எதுவும் எழுதி வைக்கல. மார்த்தாவுக்கு அப்ப 26 வயசு, ரெண்டு சின்னக் குழந்தைங்க. உயில் இல்லைன்னா சட்டம்தான் பங்கு பிரிக்கும், சட்டப்படி விதவைக்கு மூணுல ஒரு பங்கு, மீதி குழந்தைங்களுக்கு. அந்த மூணுல ஒரு பங்குல வந்தவங்க 84 பேர்.

ஆனா அந்தப் பங்கு மார்த்தாவுக்கு முழுசா சொந்தம் ஆகல. நம்ம ஊர் பத்திரத்துல "ஆயுள் காலம் வரை அனுபவிக்கலாம், விற்கவோ தானம் கொடுக்கவோ உரிமை இல்லை"ன்னு எழுதுவாங்க பாருங்க, அதே மாதிரிதான். உயிரோட இருக்கற வரைக்கும் வேலை வாங்கிக்கலாம், வருமானத்தை எடுத்துக்கலாம், விக்க முடியாது, விடுதலையும் பண்ண முடியாது. அவங்க செத்ததும் கஸ்டிஸ் வாரிசுங்களுக்குத் திரும்பப் போயிடும். இதை அங்க டவர் பங்குன்னு சொல்லுவாங்க, நான் இங்க விதவைப் பங்குன்னே எழுதறேன். 1759 ஜனவரியில வாஷிங்டன் மார்த்தாவைக் கட்டிக்கிட்டாரு, கட்டினதும் பொண்டாட்டியோட பங்கை நடத்தற அதிகாரம் புருஷன் கைக்கு வந்துடுச்சு, குழந்தைங்களோட பங்குக்கும் அவரே கார்டியன். வர்ஜீனியாவோட பெரிய பணக்காரங்கள்ல ஒருத்தரா அவரை ஆக்கினது அந்த ஒரு கல்யாணம்தான்.

அதுக்கு முன்னாடி அவரு கிட்ட அடிமைகளே இல்லையா?

இருந்தாங்க. 11 வயசுல அப்பா செத்தப்ப, 1743-ல, பங்கா வந்தவங்க 10 பேர். பதினோரு வயசுப் பையனுக்குப் பத்து மனுஷங்க சொத்து. அப்புறம் விலைக்கும் நிறைய வாங்கியிருக்காரு.

84 பேர் எப்படி 153 ஆனாங்க? வாங்கினாரா?

இல்ல, பொறந்தாங்க. 1662-ல வர்ஜீனியாவுல ஒரு சட்டம் போட்டாங்க, குழந்தை சுதந்திர ஆளா அடிமையாங்கறது அம்மாவோட நிலையைப் பொறுத்ததுன்னு. அப்பா யாரா இருந்தாலும் சரி, வெள்ளைக்காரனா இருந்தாலும் சரி, சுதந்திர ஆளா இருந்தாலும் சரி, அம்மா அடிமைன்னா பிள்ளையும் அடிமை. அம்மா யாருக்குச் சொந்தமோ பிள்ளையும் அவங்களுக்குச் சொந்தம். விதவைப் பங்குல இருந்த ஒரு பொண்ணுக்குப் பிறந்த குழந்தை, அது வாஷிங்டனோட அடிமைக்குப் பிறந்ததா இருந்தாலும், பிறந்த நிமிஷமே கஸ்டிஸ் குடும்பத்துக் கணக்குல போய்ச் சேரும். செத்துப் போய் நாப்பது வருஷம் ஆன ஒருத்தரோட சொத்து பிரசவத்துக்குப் பிரசவம் பெருகிக்கிட்டே இருந்துச்சு.

இதைக் கண்ணால பாக்கணும்னா 1799-ல வாஷிங்டன் கைப்பட எழுதின லிஸ்ட்டைப் பாருங்க. தோட்டம் தோட்டமா பேர் எழுதியிருக்காரு, வயசு, என்ன வேலை, கல்யாணம் ஆச்சா, துணை எங்க இருக்காங்கன்னு. ஒவ்வொரு தோட்டத்துலயும் தன் ஆளுங்க தனியா, விதவைப் பங்கு ஆளுங்க தனியா. புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி எதிர்ப் பக்கம், பிள்ளைங்க அம்மா பக்கம். ஐசக்னு ஒரு தச்சர், அவரு வாஷிங்டன் ஆளு. அவரு பொண்டாட்டி கிட்டி விதவைப் பங்கு, அவங்களுக்குப் பொறந்த பொண்ணுங்களும் அதே பங்கு. நான் முதல்ல படிச்சப்ப கணக்குப் புத்தகம் மாதிரிதான் தெரிஞ்சுது, அந்த ரெண்டு பக்கத்துக்கு நடுவுல எத்தனை குடும்பம் கிழிஞ்சு நிக்குதுன்னு புரிய கொஞ்ச நேரம் ஆச்சு.

உயில்ல சரியா என்ன எழுதியிருந்தாரு?

1799 ஜூலையில எழுதினது. முழுக்க அவரு கையெழுத்து, வக்கீல் வச்சு எழுதல. தன்னோட சொந்த அடிமைகள் எல்லாரும் மார்த்தா செத்ததுக்கு அப்புறம் விடுதலை. வயசானவங்க, உடம்பு முடியாதவங்களுக்குச் சாகற வரைக்கும் சோறு துணி. அப்பா அம்மா இல்லாத பிள்ளைங்களுக்கு 25 வயசு வரைக்கும் எழுதப் படிக்கவும் ஒரு தொழிலும் சொல்லித் தரணும். யாரையும் வர்ஜீனியாவுக்கு வெளிய விக்கக் கூடாது. புரட்சிப் போர் முழுக்கக் கூடவே இருந்த வில்லியம் லீக்கு மட்டும் உடனே விடுதலை, வருஷத்துக்கு 30 டாலர் பென்ஷன்.

ஏன் உடனே விடலைன்னு காரணமும் சொல்றாரு, தன் ஆளுங்களும் விதவைப் பங்கு ஆளுங்களும் கல்யாணத்தால கலந்து போயிட்டாங்க, பாதிப் பேரை விட்டா ரொம்ப வேதனை ஆகும், விதவைப் பங்கு ஆளுங்களை விடற அதிகாரம் தனக்கு இல்லைன்னு. அந்த வேதனை மார்த்தா இருக்கும்போது வந்தாலும் செத்த அப்புறம் வந்தாலும் பிரியறவங்களுக்கு ஒண்ணுதான். தள்ளிப் போட்டதுல மிச்சமானது யாரு நிம்மதி? பெரிய வீட்டுல இருந்தவங்களோடதுதான்னு நான் நினைக்கிறேன்.

சாகற அன்னிக்கு உயிலை எரிச்சதா சொல்றாங்களே, உண்மையா?

உண்மை, ஆனா இந்த உயிலை இல்ல. 1799 டிசம்பர் 14, தொண்டை அடைச்சு மூச்சு விட முடியாம படுத்திருக்காரு. மார்த்தாவைக் கூப்பிட்டு மேஜையில இருக்கற ரெண்டு உயிலையும் எடுத்துட்டு வரச் சொல்றாரு, ஒண்ணைப் பாத்துட்டு இது இனிமே பிரயோஜனம் இல்லைன்னு எரிக்கச் சொல்றாரு, இன்னொண்ணைப் பத்திரப்படுத்தச் சொல்றாரு. அவரோட செக்ரட்டரி டோபியாஸ் லியர் பக்கத்துலயே இருந்து எழுதி வச்சது இது.

அந்த ரூம்ல இன்னொருத்தரும் இருந்தாரு, கிறிஸ்டோபர் ஷீல்ஸ், வாஷிங்டனுக்கு அணுக்கப் பணியாளு. காலையிலருந்து நின்னுக்கிட்டே இருக்கறதைப் பாத்து, பேசவே முடியாத நிலையிலயும் வாஷிங்டன் அவரை உக்காரச் சொல்லி சைகை காட்டினாருன்னு லியர் எழுதறாரு. இதைச் சொல்லி நெகிழ்ந்து போறவங்க நிறைய பேர். எனக்கு வேற ஒண்ணுதான் உறுத்துது. கிறிஸ்டோபர் விதவைப் பங்கு ஆளு. விடுதலை எழுதின உயிலு அவரு கண்ணு முன்னாடிதான் கை மாறுது, அதுல அவருக்கு ஒரு வரி கூட கிடையாது. மூணு மாசம் முன்னாடிதான் அவரும் பக்கத்துத் தோட்டத்துல இருந்த அவரு மனைவியும் தப்பிச்சுப் போகத் திட்டம் போட்டு, அதைப் பத்தி எழுதின சீட்டு வாஷிங்டன் கையில சிக்கியிருந்துச்சு. அந்த ரூம்ல அவரு என்ன நினைச்சுக்கிட்டு நின்னிருப்பாரு!

மார்த்தா என்ன பண்ணாங்க?

தான் செத்தா 123 பேருக்கு விடுதலைன்னு ஊரறிய எழுதியாச்சு, அந்த 123 பேர் மத்தியிலதான் அவங்க வாழணும். 1800 டிசம்பர்ல அப்ப ஜனாதிபதியா இருந்த ஜான் ஆடம்ஸோட மனைவி அபிகைல் ஆடம்ஸ் போய்ப் பாத்துட்டு வந்து, தன் உயிருக்குப் பாதுகாப்பு இல்லைன்னு மார்த்தா நினைக்கறாங்கன்னு கடிதத்துல எழுதறாங்க. 1801 ஜனவரி 1-ம் தேதியே அந்த ஆளுங்களை விட்டுட்டாங்க. மனசு மாறினதாலன்னு சில பேர் எழுதறாங்க, நான் அப்படி நம்பல, ஏன்னா மார்த்தாவுக்குன்னு முழு உரிமையோட ஒரே ஒரு அடிமை இருந்தாரு, எலிஷ்னு பேரு, அவரு விதவைப் பங்கு இல்ல, தானே விலை கொடுத்து வாங்கினவரு. எந்தச் சட்டமும் தடுக்கல, ஒரு வரி எழுதினா போதும். அவங்க எழுதின வரி, எலிஷைப் பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸுக்குக் கொடுக்கறேன்னு.

அப்போ 153 பேர்?

1802 மே மாசம் மார்த்தா செத்தாங்க. மகன் ஜான் 1781-லயே காய்ச்சல்ல போயிட்டாரு, அதனால அவரோட நாலு பிள்ளைங்க, அதாவது மார்த்தாவோட பேரப்பிள்ளைங்க, நாலு பங்கு. எலிசபெத் லா, மார்த்தா பீட்டர், நெல்லி லூயிஸ், தம்பி ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ். வாஷிங்டன் நகரம், ஜார்ஜ்டவுன், உட்லான், ஆர்லிங்டன்னு ஆளுக்கொரு பக்கம் பிரிச்சு அனுப்பினாங்க. அடிமைக் குடும்பங்கள்ல ஒரே வீட்டுல வளந்த அக்கா தங்கச்சி நாலு திசையில.

விடுதலை ஆன பல பேர் தூரமாப் போகாம மவுன்ட் வெர்னன் சுத்துவட்டாரத்துலயே தங்கினதுக்கும் காரணம் இதுதான், எஜமான் மேல பாசம்னு எழுதறதைப் படிச்சா எனக்குக் கோவம் வரும். பொண்டாட்டி பிள்ளை இன்னும் அடிமையா இருக்கும்போது எங்க போறது?

ஓனா ஜட்ஜ்னு ஒரு பேரு அடிக்கடி வருதே, யாரு?

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்சவங்க. அம்மா பெட்டி விதவைப் பங்கு, அப்பா இங்கிலாந்துலருந்து ஒப்பந்தக் கூலியா வந்த வெள்ளைக்காரத் தையல்காரர், பிள்ளை அம்மா வழியில அடிமை. ஓனா நல்லாத் தைப்பாங்க, மார்த்தாவுக்குத் துணி மாட்டி விடற வேலை, ஜனாதிபதி குடும்பத்தோட பிலடெல்பியாவுல இருந்தாங்க, பென்சில்வேனியா மாநிலத்துல இருக்கற அந்த ஊர்தான் அப்ப தலைநகரம். பென்சில்வேனியாவுல 1780 சட்டப்படி வெளியூர்க்காரங்க தங்களோட அடிமையை ஆறு மாசம் தொடர்ந்து அங்க வச்சிருந்தா அந்த அடிமை விடுதலை கேக்கலாம். அதனால வாஷிங்டன் ஆறு மாசம் முடியறதுக்குள்ள ஆளுங்களை மாநிலம் தாண்டி அனுப்பிட்டுத் திரும்பக் கூட்டிட்டு வருவாரு. 1791-ல லியருக்கு எழுதின கடிதத்துல, இவங்கள்ல முக்கால்வாசிப் பேர் விதவைப் பங்கு, விடுதலை ஆயிட்டா நான் கஸ்டிஸ் எஸ்டேட்டுக்குக் காசு கட்ட வேண்டி வரும், அதனால அவங்களுக்கும் ஊருக்கும் காரணம் தெரியாத மாதிரி அனுப்பிடுங்கன்னு சொல்றாரு. வாரிசுரிமைச் சட்டம் ஒரு மனுஷனை எந்த அளவுக்கு இறக்குதுன்னு பாக்க அந்த ஒரு கடிதம் போதும்.

1796-ல ஓனாவுக்குத் தெரிய வருது, பேத்தி எலிசபெத்துக்குத் தன்னைக் கொடுக்கப் போறாங்கன்னு. மே 21, வீட்டுல வர்ஜீனியா போக மூட்டை கட்டிக்கிட்டு இருக்காங்க, ஓனாவும் தன் மூட்டையைக் கட்டினாங்க. எல்லாரும் சாப்பாட்டு மேஜையில இருந்த நேரத்துல வெளிய நடந்தாங்க. கப்பல் ஏறி நியூ ஹாம்ப்ஷயர்ல போர்ட்ஸ்மவுத். பிடிச்சுத் தந்தா 10 டாலர்னு பேப்பர்ல விளம்பரம் போட்டாங்க, ஓடறதுக்கு எந்தக் காரணமும் இல்லைன்னு வேற அதுல எழுதியிருந்துச்சு. வாஷிங்டன் செத்ததும் எனக்கு விடுதலைன்னு வாக்கு கொடுத்தா திரும்பி வர்றேன்னு அங்க இருந்த சுங்க அதிகாரி ஜோசப் விப்பிள் மூலமா கேட்டாங்க, விசுவாசம் இல்லாதவங்களுக்குப் பரிசு தர முடியாதுன்னு வாஷிங்டன் மறுத்துட்டாரு.

ஓனா ஜாக் ஸ்டெயின்ஸ்னு ஒரு மாலுமியைக் கட்டிக்கிட்டாங்க, மூணு பிள்ளைங்க, வறுமையிலதான் காலம் போச்சு. 1840-கள்ல பத்திரிகைக்காகப் பேட்டி எடுத்த ஒருத்தர், அங்கயே இருந்திருந்தா வசதியா இருந்திருக்கலாமே, வருத்தமான்னு கேக்கறாரு. இல்ல, நான் சுதந்திரமா இருக்கேன்னாங்க. 1848-ல செத்தாங்க. சட்டப்படி கடைசி நாள் வரைக்கும் அவங்க கஸ்டிஸ் வாரிசுச் சொத்து, அவங்க பெத்த மூணு பிள்ளைங்களும் அதேதான். ஓனாவுக்குப் பதிலா அவங்க தங்கச்சி டெல்ஃபியை எலிசபெத்துக்குக் கொடுத்துட்டாங்க, எலிசபெத்தோட புருஷன் தாமஸ் லா 1807-ல டெல்ஃபியை விடுதலை பண்ணாரு.

சமையல்காரர் ஹெர்குலிஸ்?

அவரு வாஷிங்டன் ஆளு, ஆனா மனைவி ஆலிஸ் விதவைப் பங்கு, அதனால பிள்ளைங்களும். 1797 பிப்ரவரி 22, வாஷிங்டன் பிறந்தநாள் அன்னிக்கு மவுன்ட் வெர்னன்லருந்து தப்பிச்சுட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சு அங்க விருந்தாளியா பிரெஞ்சு இளவரசர் லூயி பிலிப் வர்றாரு, அவங்க ஆளு ஒருத்தர் ஹெர்குலிஸோட ஆறு வயசு மகள் கிட்ட, அப்பாவை இனிமே பாக்கவே முடியாதேன்னு வருத்தமா இருக்குமேன்னு கேக்கறாரு. எனக்கு ரொம்பச் சந்தோஷம் ஐயா, அப்பா இப்ப சுதந்திரமா இருக்காருல்லன்னு அந்தக் குழந்தை சொல்லிச்சாம். 1801-ல ஹெர்குலிஸ் சட்டப்படியும் சுதந்திர ஆளு. பிள்ளைங்களுக்கு அது இல்ல.

அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே? இன்னிக்கு இருக்கற பார்வையில அவரை எடை போடலாமா?

அதே வர்ஜீனியாவுல, அதே காலத்துல, ராபர்ட் கார்ட்டர்னு இன்னொரு பெரிய தோட்டக்காரர் 1791-ல பத்திரம் எழுதி 450 பேருக்கு மேல விடுதலை பண்ணாரு, தான் உயிரோட இருக்கும்போதே. தனி ஆளு விடுதலை பண்றதை வர்ஜீனியா சட்டம் 1782-லயே அனுமதிச்சிடுச்சு. வாஷிங்டன் 1790-கள்ல நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, வித்து, பணம் திரட்டி ஏதாவது வழி பண்ணலாமான்னு யோசிச்சாரு, அதை இல்லைன்னு சொல்லல, ஆனா நிலத்தை எடுக்க ஆள் கிடைக்கலைன்னு விட்டுட்டாரு, சாகும்போது மேற்குல ஆயிரக்கணக்கான ஏக்கர் அப்படியே அவரு பேர்ல கிடந்துச்சு. அன்னிக்கு ஆளுங்களோட கண்ணுலயே பாருங்களேன், ஓனா, ஹெர்குலிஸ், கிறிஸ்டோபர் இவங்களும் அந்தக் காலத்து ஆளுங்கதான்.

பேரன் பங்குக்குப் போனவங்க கதை எப்படி முடிஞ்சுது?

பேரன் கஸ்டிஸ் போடோமாக் ஆத்தங்கரையில ஆர்லிங்டன் ஹவுஸ் கட்டினாரு, பாட்டி பங்குல வந்த ஆளுங்க உழைப்புல. முறைப்படி கல்யாணத்துல பொறந்து உயிரோட இருந்த ஒரே மகள் மேரி, 1831-ல ராபர்ட் ஈ. லீயைக் கட்டிக்கிட்டாங்க, பின்னாடி தென் மாநிலப் படைத் தளபதி ஆனாரே அதே லீ. 1857-ல கஸ்டிஸ் செத்தாரு. உயில்ல மகளுக்கு ஆர்லிங்டன் ஆயுள் காலம் வரைக்கும் மட்டும், அப்புறம் மகளோட மூத்த மகனுக்கு. அடிமைகளுக்கு விடுதலை, ஆனா அஞ்சு வருஷத்துக்குள்ள, நாலு பேத்திங்களுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் திரட்டிக் கொடுத்துட்டு. கிட்டத்தட்ட 200 பேர். கஸ்டிஸ் செத்ததுமே நமக்கு விடுதலைன்னுதான் அவங்க நம்பியிருந்தாங்க, உயிலை நிறைவேத்தற பொறுப்புல (எக்ஸிகியூட்டர்) இருந்த லீ கடைசி வரைக்கும் வேலை வாங்கினாரு. 1859-ல வெஸ்லி நோரிஸ், அவரு தங்கச்சி மேரி, ஒரு சொந்தக்காரர் மூணு பேரும் ஓடி, மேரிலாண்ட்ல பிடிபட்டாங்க. தங்களைக் கட்டி வச்சு ஆம்பளைங்களுக்கு 50, மேரிக்கு 20 சவுக்கடி கொடுக்கச் சொல்லி லீ கூடவே நின்னாரு, அப்புறம் முதுகுல உப்புத் தண்ணி ஊத்தினாங்கன்னு 1866-ல வெஸ்லி வாக்குமூலம் கொடுத்திருக்காரு. விடுதலைப் பத்திரத்துல லீ கையெழுத்துப் போட்டது 1862 டிசம்பர் 29. டேனியல் கஸ்டிஸ் செத்து 105 வருஷம். அதுல விடுதலை ஆனவங்கள்ல ஒயிட் ஹவுஸ் தோட்டத்து ஆளுங்களும் இருந்தாங்க, டேனியலும் மார்த்தாவும் குடித்தனம் நடத்தின அதே தோட்டம்.

அந்தக் குடும்பத்து அடிமை வாரிசுங்க யாருக்காவது சொத்து கிடைச்சுதா?

ஒருத்தங்களுக்கு. மரியா கார்ட்டர் சைஃபாக்ஸ். அம்மா ஏரியானா கார்ட்டர் மவுன்ட் வெர்னன்ல மார்த்தாவோட விதவைப் பங்கு, அப்பா வேற யாரும் இல்ல, பேரன் கஸ்டிஸ்தான். அவரு வெளிப்படையா ஒத்துக்கிட்டதில்ல. ஆனா மரியாவுக்கு ஆர்லிங்டன் ஹவுஸ் ஹால்லயே சார்லஸ் சைஃபாக்ஸோட கல்யாணம் நடந்துச்சு, 1820-கள்ல விடுதலை பண்ணி எஸ்டேட்ல 17 ஏக்கர் கொடுத்தாரு, வாய் வார்த்தையா, பத்திரம் இல்லாம. உள்நாட்டுப் போர்ல அரசாங்கம் எஸ்டேட் முழுக்க எடுத்துக்கிட்டு கல்லறைத் தோட்டமாக்கினப்ப மரியாவோட நிலமும் சேந்து போச்சு, காட்டறதுக்கு ஒரு காகிதம் கிடையாது. சைஃபாக்ஸ் குடும்பம் விடல, காங்கிரஸ் வரைக்கும் போனாங்க, 1866 ஜூன்ல மரியா பேர்ல தனியா ஒரு சட்டமே போட்டு அந்த 17 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தாங்க. லீயோட மூத்த மகன் கேஸ் போட்டு 1882-ல சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சு, ஆர்லிங்டனுக்கு 1,50,000 டாலர் வாங்கிக்கிட்டாரு. மரியாவுக்கும் அவருக்கும் தாத்தா வழியில ரத்த சொந்தம், மரியா அவரு அம்மாவுக்கு அக்கா முறை.